அடுக்கில் நிற்கும் சொற்கள்: புத்தூர் எல்லைப் பகுதியில் ஓர் ஆங்கில இலக்கணப் பாடத்தின் வரலாறு

திருப்பதிக்குத் தெற்கே நகரி மலைகளை ஒட்டியுள்ள புத்தூர், 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் அமையும் வரை சித்தூர் மாவட்டத்திலும், 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாவதற்கு முன் வட ஆர்க்காட்டு மாவட்டத்திலும் அடங்கியிருந்த ஊர். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் இப்பகுதிக்கு, 19-ஆம் நூற்றாண்டில் அலுவலகம், நீதிமன்றம், பள்ளிக்கூடம் ஆகிய மூன்று வழிகளில் ஆங்கிலம் வந்து சேர்ந்தது. ஆங்கிலத்துடன் அதன் இலக்கண நூல்களும், அந்நூல்கள் வலியுறுத்திய நுண்ணிய விதிகளும் வந்தன. அவற்றுள் ஒன்று, வரிசையாக அடுக்கப்படும் சொற்கள் ஒரே வடிவில் இருக்கவேண்டும் என்பது. அவ்விதியின் மிகக் கடினமான பகுதி, வினையிலிருந்து பிறந்து வினைத்தன்மை நீங்காத சொல்லையும் முழுப் பெயராகவே நிலைத்துவிட்ட சொல்லையும் ஒரே அடுக்கில் வைக்கலாமா என்ற கேள்வி. அக்கேள்வி எங்கே பிறந்தது, இந்த எல்லைப் பகுதியை எவ்வழியாக அடைந்தது, இங்குள்ள இரு மொழிகளும் அதற்கு ஏற்கெனவே என்ன விடை வைத்திருந்தன என்பவற்றைத் தொடர்ந்து பார்த்தால், ஒரு மொழிப்பாடத்தின் வரலாற்றோடு கற்பித்தல் முறையொன்றின் குறையும் தெளிவாகும்.

ஆங்கிலத்தில் 'ரீட்' என்னும் வினையோடு 'இங்' சேர்ந்து 'ரீடிங்' என்றாகும்போது, அது வாக்கியத்தில் பெயரின் இடத்தில் நின்று படித்தல் என்னும் செயலைக் குறிக்குமாயின், இலக்கணிகள் அதை 'ஜெரண்ட்' என்பர். பெயரின் இடத்தில் நின்றாலும் அது வினையைப் போலவே செயப்படுபொருளை ஏற்கும்; 'ஸ்லோலி' போன்ற வினையடையையும் ஏற்கும். 'டிசிஷன்', 'மூவ்மென்ட்', 'கிரோத்' போன்றவை வினையோடு உறவுடையனவாயினும் முழுப் பெயர்கள்; பெயரடையை ஏற்பனவே தவிர, 'ஆஃப்' போன்ற முன்னிடைச்சொல்லின் துணையின்றிச் செயப்படுபொருளை ஏற்பதில்லை. 'டிரெய்னிங் டீச்சர்ஸ்' என்பதையும் 'எஜுகேஷன்' என்பதையும் ஒரே 'அண்ட்' கொண்டு இணைத்தால், அடுக்கின் ஒரு பக்கத்தில் பொருளைத் தழுவிய செயலும் மறுபக்கத்தில் தனித்த பெயரும் நின்று வாக்கியம் தடுமாறுகிறது. 'டிரெய்னிங், எஜுகேஷன் அண்ட் ரிசர்ச்' என்று எழுதினாலோ எவருக்கும் இடறுவதில்லை. அங்கே 'டிரெய்னிங்' செயப்படுபொருளை விட்டுப் பெயராகவே நிற்கிறது. இரண்டிலும் விகுதி ஒன்றாயிருக்க, சொல்லின் இயல்பு மட்டும் வேறாயிருப்பதே இச்சிக்கலின் வேர்.

இந்த இரட்டை இயல்புக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் 'உங்', 'இங்' என்பவை வினையிலிருந்து பெயரை ஆக்கும் விகுதிகளாக மட்டுமே இருந்தன. நிகழ்கால எச்சத்துக்கு 'எண்டே' என்ற வேறு விகுதி வழங்கியது. இடைக்கால ஆங்கிலத்தில் இரண்டும் ஒலியால் நெருங்கி 'இங்' என்ற ஒரே வடிவில் கலந்தபின், பெயராயிருந்த சொல் சிறிது சிறிதாக வினையின் உரிமைகளைப் பெற்று, 'ஆஃப்' இல்லாமலே செயப்படுபொருளைத் தழுவத் தொடங்கியது. 18-ஆம் நூற்றாண்டின் இலக்கணிகள் இந்தக் கலப்பை ஒழுங்குபடுத்த முயன்றார்கள். பின்னர் லண்டன் ஆயராக விளங்கிய ராபர்ட் லௌத் 1762-இல் வெளியிட்ட சிற்றிலக்கணமும், அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தின் யார்க் நகரருகே வாழ்ந்த லிண்ட்லி மரே 1795-இல் வெளியிட்ட இலக்கணமும் ஒரே தீர்வைச் சொல்லின. 'இங்' சொல்லுக்கு முன் 'தி' வந்தால் பின்னே 'ஆஃப்' வரவேண்டும், முன்னது இல்லையேல் பின்னதும் வேண்டாம் என்பதே அத்தீர்வு. அதன்படி 'தி ரீடிங் ஆஃப் புக்ஸ்' என்பதும் 'ரீடிங் புக்ஸ்' என்பதும் முறையானவை. பாதி பெயராகவும் பாதி வினையாகவும் நிற்கும் வடிவங்கள் முறையற்றவை.

அடுக்கைப் பற்றிய விதி சற்றுப் பின்னர் உருவானது. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பேராசிரியராயிருந்த அலெக்சாண்டர் பெய்ன் 1866-இல் எழுதிய உரைநடை நூலில், ஒரே கருத்தைத் தொடரும் வாக்கியங்கள் ஒத்த அமைப்பில் இருக்கவேண்டும் என்பதைப் பத்தியின் இலக்கணமாக்கினார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918-இல் அச்சிட்ட சிறுநூல், இணையான கருத்துகளுக்கு இணையான வடிவம் வேண்டும் என்பதை மாணவர் மனத்தில் பதியும் கட்டளையாக்கிற்று. இங்கிலாந்தில் ஹென்றி ஃபௌலர், ஜெரண்டுக்கு முன் வரும் எழுவாய் உடைமைப் பொருளில் வரவேண்டுமா என்ற வழக்கை எடுத்து, 1926-இல் வெளியான அகராதியில் கடுமையாக வாதிட்டார். டென்மார்க்கின் மொழியியலறிஞர் ஓட்டோ எஸ்பெர்சன் அவரை மறுத்து எழுதினார். ஆங்கிலம் பிறந்த நாட்டிலேயே இக்கேள்வி தீராத வழக்காக இருந்தது என்பதை நினைவிற்கொள்ளவேண்டும். ஏனெனில் இந்தியப் பள்ளிகளை அடைந்தபோது அது மனப்பாடத்துக்குரிய முடிந்த விதியின் தோற்றத்தை எடுத்துக்கொண்டது.

சென்னை மாகாணத்தில் மனப்பாடத்தைப் பற்றிய குறை ஆங்கிலக் கல்விக்கு முன்பே எழுந்திருந்தது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 ஜூனில் கட்டளையிட்ட கல்விக் கணக்கெடுப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் ஏறத்தாழ 1,88,000 மாணவரும் இருந்தனர். தமிழில் திண்ணைப் பள்ளிக்கூடம் என்றும் தெலுங்கில் வீதிபடி என்றும் அழைக்கப்பட்ட இவற்றைப் பற்றி 1823 ஆகஸ்டில் பெல்லாரி ஆட்சியர் ஏ. டி. கேம்பெல் அனுப்பிய அறிக்கை மிகவும் பேசப்பட்டது. பிள்ளைகள் பேச்சுவழக்கிலிருந்து வேறுபட்ட நடையிலுள்ள செய்யுள்களைப் பொருள் தெரியாமலே ஒப்பிக்கின்றனர் என்று அவர் அதில் வருந்தினார். இதே கேம்பெல்தான் 1816-இல் தெலுங்கு இலக்கணம் ஒன்றை வெளியிட்டவர். தெலுங்கு, தமிழ், கன்னடம் ஆகியவை ஒரே குடும்பம் என்று பிரான்சிஸ் வைட் எல்லிஸ் நிறுவிய கட்டுரை அந்நூலின் முன்னுரைப் பகுதியாகவே வெளிவந்தது. இரு மொழிகளின் அமைப்பு ஒற்றுமையை வைத்துக் கற்பிக்கும் வழியும், பொருளறியா மனப்பாடத்தின் தீமையும் ஒரே மனிதரின் பணியில் ஒன்றுசேர்ந்து கிடந்தன. பின்வந்த ஆங்கிலப் பாடமோ முன்னதை விட்டுப் பின்னதை ஏற்றுக்கொண்டது.

சார்ல்ஸ் வுட்டின் 1854-ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கைக்குப் பின் சென்னையில் பொதுக்கல்வித் துறை ஏற்பட்டு, 1855-இல் அலெக்சாண்டர் அர்பத்னாட் அதன் முதல் இயக்குநரானார். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டு, அதன் மெட்ரிகுலேஷன் தேர்வு மாகாணம் முழுவதற்கும் அளவுகோலாயிற்று. சென்னை ரயில்வே அரக்கோணத்திலிருந்து வடமேற்கே இட்ட கிளைப்பாதை 1862-இல் ரேணிகுண்டாவை அடைந்தது. திருத்தணியும் புத்தூரும் அப்பாதையில் அமைந்ததால், இப்பகுதி மாணவர்க்குத் தேர்வும் கல்லூரியும் சென்னையின் திசையிலேயே இருந்தன. வட மேற்கு மாகாணங்களிலும் அயோத்தியிலும் பொதுக்கல்வி இயக்குநராயிருந்த ஜே. சி. நெஸ்ஃபீல்டின் இலக்கண வரிசை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய வகுப்பறைகளில் பரவியது, 1930-களில் பி. சி. ரென், எச். மார்ட்டின் ஆகியோரின் பள்ளி இலக்கணம் அதன் இடத்தைப் பிடித்தது. இந்நூல்கள் ஜெரண்டையும் வினைப்பெயரையும் பிரித்துக் காட்டி, வாக்கியத்தில் அவற்றைக் கண்டுபிடிக்கும் பயிற்சிகளை அடுக்கின. இந்தியா முழுமைக்கும் எழுதப்பட்ட அவற்றில் தமிழோடும் தெலுங்கோடும் ஒப்பிட்டுக் காட்ட இடமில்லை.

கலைச்சொல் ஒன்று இக்குழப்பத்தை மேலும் வளர்த்தது. லத்தீன் மொழியில் 'ஜெருண்டியம்' என்பது வேற்றுமை ஏற்கும் வினைப்பெயர். லத்தீன் கற்ற பாதிரிமார் தமிழுக்கு இலக்கணம் எழுதியபோது, 'செய்து' போன்ற வினையெச்சத்துக்கு அப்பெயரைச் சூட்டும் வழக்கம் உருவாயிற்று. சமஸ்கிருதம் பயின்ற ஐரோப்பியர் 'கிருத்வா' போன்ற எச்சங்களையும் அவ்வாறே அழைத்தனர். ஐரோப்பியர் எழுதிய இலக்கணங்களை ஒருங்கே பயன்படுத்திய மாணவருக்கு, ஒரே பெயர் ஆங்கிலத்தில் தொழிற்பெயரையும் தமிழிலும் சமஸ்கிருதத்திலும் எச்சத்தையும் குறித்தது. கருத்து அயலானதாக இல்லாதபோதும் அதைச் சுமந்துவந்த பெயர் அயன்மையை உண்டாக்கியது.

உண்மையில் அக்கருத்து இந்த மண்ணில் மிகப் பழமையானது. தமிழிலக்கணம் தொழிலின் பெயரைத் தொழிற்பெயர் என்று வகுத்து, தல், அல், கை, பு, சி, வி, மை முதலிய விகுதிகளால் அது அமைவதைக் காட்டுகிறது. கெடு என்பது கேடு என்றும், சுடு என்பது சூடு என்றும் முதனிலை திரிந்து நிற்பதையும் தனி வகையாகச் சொல்கிறது. இவ்வகைகளுக்குள்ளேயே ஆங்கிலத்தின் ஜெரண்டுக்கும் பெயருக்கும் இடையிலுள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்படி அமைந்திருக்கிறது. படித்தல் என்பது 'நூலைப் படித்தல்' என்று இரண்டாம் வேற்றுமையை ஏற்கும். 'நன்றாகப் படித்தல்' என்று வினையடையை ஏற்கும். மறுக்கும்போது 'படியாமை' ஆகும். படிப்பு என்பதோ 'நல்ல படிப்பு' என்று பெயரடையை ஏற்று, 'படிப்புகள்' என்று பன்மையும் பெற்று, மறுக்கும்போது 'படிப்பின்மை' ஆகும். 'நூலைப் படிப்பு' என்று எவரும் சொல்வதில்லை. ஓடுதலும் ஓட்டமும், ஆடுதலும் ஆட்டமும், எண்ணுதலும் எண்ணமும் இவ்வாறே இணையிணையாகப் பிரிந்து நிற்கின்றன. பெயர்ச்சொல் காலம் காட்டாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, தொழிலோடு ஒட்டி வரும் பெயரை மட்டும் அதற்கு விலக்காக்கும் தொல்காப்பிய வேற்றுமையியல், பெயரின் உள்ளே வினை எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்ற கேள்வியை ஆங்கில இலக்கணிகளுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுப்பியிருக்கிறது.

தெலுங்கும் இதே பிரிவை உடையது. பழைய நூல்நடையில் 'சதுவுட' என்றும் இன்றைய வழக்கில் 'சதவடம்' என்றும் வரும் சொல் படித்தலுக்கு நிகராகச் செயப்படுபொருளைத் தழுவும்; 'சதுவு' என்பது படிப்புக்கு நிகரான முழுப் பெயர். எழுதுதலுக்கு 'ராயடம்' என்றும் எழுத்துக்கு 'ராத' என்றும் சொற்கள் பிரிகின்றன. ஆகவே வீட்டில் ஒரு மொழியும் கடைவீதியில் மற்றொன்றும் பேசும் புத்தூர்ப் பிள்ளையிடம், ஆங்கிலம் ஒரே 'இங்' விகுதிக்குள் மறைத்து வைத்திருக்கும் வேறுபாட்டைக் காட்டும் சொல்லிணைகள் இருமடங்காக இருந்தன. ஆங்கிலத்தில் விகுதியைப் பார்த்து அறிய முடியாததைத் தன் மொழியில் விகுதியைப் பார்த்தே அறியும் வசதி அப்பிள்ளைக்கு இருந்தது.

அடுக்கைப் பற்றியும் தமிழ் மரபில் நுட்பமான சிந்தனை உண்டு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கம், வெவ்வேறு வினைக்குரிய பொருள்களைப் பொதுச்சொல்லால் தொகுத்துச் சொல்லும்போது அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் உரிய வினையால் முடிக்கலாகாது என்று விதிக்கிறது. அப்பொருள்களைத் தனித்தனியே எண்ணிச் சொல்லும்போதும் அதே முறை என்று அடுத்துக் கூறுகிறது. மாலையும் வாளும் சூடினான் என்பது வழு. மாலை சூடப்படுவது, வாள் ஏந்தப்படுவது. மாலையும் வாளும் கொண்டான் என்றால் இரண்டுக்கும் பொருந்தும் பொதுவினை வந்து வாக்கியம் நிமிர்கிறது. தன்மைச் சொல்லும் அஃறிணைச் சொல்லும் எண்ணும்போது கலந்து வரலாம் என்று அவ்வியல் தனியே இசைவு தருவதிலிருந்து, கலப்பு இயல்பானதாகக் கொள்ளப்படாமல் இசைவு வேண்டிய ஒன்றாகக் கருதப்பட்டது புலனாகிறது. கோலார்ப் பக்கத்துக் கங்கர் மரபினனும் மூன்றாம் குலோத்துங்க சோழனின் கீழிருந்த தலைவனுமாகிய சீயகங்கனின் வேண்டுகோளால் பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய நன்னூலும் பொதுவினை வேண்டும் என்ற விதியைப் போற்றிக் காத்தது. புத்தூருக்கு மேற்கே அமைந்த நிலப்பரப்பின் தலைவன் ஒருவன் கேட்டுப் பெற்ற நூலில் இவ்விதி இடம்பெற்றிருப்பது, இச்சிந்தனைக்கு இவ்வட்டாரம் அயலானதன்று என்பதைக் காட்டும்.

தொல்காப்பியர் காட்டும் இந்த வழி ஆங்கில அடுக்கின் சிக்கலுக்கும் ஒளி தருகிறது. ஆங்கிலப் பள்ளி இலக்கணம் மாணவனை அடுக்கிலுள்ள சொற்களின் ஈறுகளை ஒப்பிடச் சொல்கிறது. கிளவியாக்கமோ அவ்வனைத்தையும் ஆளும் முடிக்குஞ்சொல் ஒவ்வொன்றோடும் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. பின்னதே அடிப்படையான சோதனை. முடிக்குஞ்சொல் செயலை வேண்டினால் அடுக்கு முழுவதும் செயலாக இருக்கட்டும். விளைவையோ பொருளையோ வேண்டினால் முழுவதும் பெயராக இருக்கட்டும். 'டிசைடிங்' என்பது முடிவெடுக்கும் செயல், 'டிசிஷன்' என்பது எடுக்கப்பட்ட முடிவு; அறிவிக்கப்படுவது முடிவாதலால் அங்கே ஈறொப்புமைக்காக 'டிசைடிங்' என்று எழுதுவது பொருளைக் கெடுக்கும். தமிழிலும் 'படித்தலும் எழுத்தும் அவனுக்குப் பழக்கம்' என்று எழுதினால், எழுத்து என்பது வரிவடிவத்தையும் குறிப்பதால் வாக்கியம் மயங்குகிறது. 'படித்தலும் எழுதுதலும்' என்றாலோ 'படிப்பும் எழுத்தும்' என்றாலோ இரண்டும் தெளிவு, ஆனால் இரண்டும் ஒரே பொருளன்று. முன்னது செய்கின்ற தொழில். பின்னது அடைந்த கல்வி.

ஈறு ஒவ்வாமலும் அடுக்கு சிறக்கும் என்பதற்கு, கல்வி வரலாற்றிலேயே பெரும் எடுத்துக்காட்டு உண்டு. இங்கிலாந்தில் ராபர்ட் லோ 1862-இல் நடைமுறைப்படுத்திய திட்டமும், சென்னை மாகாணத்தில் தேர்ச்சிக்கேற்ப மானியம் அளித்த முறையும், ஆய்வாளர் முன் மாணவர் காட்டவேண்டிய தேர்ச்சியை 'ரீடிங், ரைட்டிங், அரித்மெட்டிக்' என்ற மும்மையால் அளந்தன. இவற்றுள் முதலிரண்டு 'இங்' ஈறுடையவை, மூன்றாவது எந்த ஆங்கில வினையிலிருந்தும் பிறவாத பெயர்; எனினும் இந்த அடுக்கில் குறை காண்பார் இல்லை. 'ரீடிங்', 'ரைட்டிங்' இரண்டும் செயப்படுபொருளைத் தழுவாமல் பாடத்தின் பெயர்களாக நிலைபெற்று, மூன்றாவதோடு ஒரே இனமாகிவிட்டன. 'ரீடிங் புக்ஸ், ரைட்டிங் லெட்டர்ஸ், அரித்மெட்டிக்' என்று விரித்தால் உடனே அடுக்கு குலைகிறது. செயப்படுபொருள் சேர்ந்த கணத்தில் முதலிரண்டும் வினைப்பக்கம் சாய்ந்துவிடுகின்றன. தமிழில் இம்மூன்றும் வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று முழுப் பெயர்களாகவே வழங்கின. அவ்வழக்கை அறிந்த மாணவனுக்கு ஆங்கில மும்மையின் உள்ளிணக்கத்தை விளக்க ஒரு வாக்கியமே போதுமானது.

இந்த எல்லைப் பகுதி ஆங்கில உரைநடையின் உயர்ந்த தேர்ச்சியாளரையும் தந்தது. சித்தூரை அடுத்த கட்டமஞ்சியில் 1880-இல் பிறந்த சி. ஆர். ரெட்டி, சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று, 1926-இல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். தெலுங்கில் கவிஞராகவும் திறனாய்வாளராகவும், ஆங்கிலத்தில் பேச்சாளராகவும் புகழ்பெற்றார். 1888-இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், திருப்பதியில் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், பின்னர் வேலூரிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் கற்றார். சமநிலை கொண்ட குறுந்தொடர்களை அடுக்கிச் செல்லும் அவரது ஆங்கிலம் உலகெங்கும் மதிக்கப்பட்டது. இருவரும் தம் மொழிகளின் இலக்கியப் பயிற்சியோடு ஆங்கிலத்துக்குச் சென்றவர்கள். வாக்கியத்தின் ஒத்திசைவை விதியாகக் கற்பதற்கு முன்பே செவியால் உணர்ந்திருக்கும் வாய்ப்பு அத்தகைய பயிற்சி உடையவருக்கு மிகுதி.

1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. எல்லைப் போராட்டங்களுக்கும், எல்லையை வகுத்த படாஸ்கர் தீர்ப்புக்கும் பின்னர் 1960 ஏப்ரலில் திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் சென்னை மாநிலத்துக்குத் திரும்பின. புத்தூர் ஆந்திரத்தில் நிலைத்தது. இதே காலத்தில் ஆங்கிலக் கற்பித்தல் முறையும் மாறியது. இலக்கண வரையறைகளை ஒப்பிக்கச் செய்வதை விட்டு, படிப்படியாக வரிசைப்படுத்திய வாக்கிய அமைப்புகளைப் பழக்கத்தால் பதியவைக்கும் அமைப்புமுறைப் பாடத்திட்டம் 1950-களில் பரவியது. 1958-இல் ஹைதராபாத்தில் தொடங்கிய மத்திய ஆங்கில நிறுவனம் ஆசிரியர்களுக்கு அதில் பயிற்சி அளித்தது. பொருளறியா மனப்பாடத்துக்கு எதிராக அது செய்த நன்மை பெரிது. ஆனால் தாய்மொழியை வகுப்பறையிலிருந்து இயன்றவரை விலக்கும் போக்கும் அதனுடன் வந்ததால், படித்தலும் படிப்பும் பிரிவதைக் காட்டி 'ரீடிங்' என்பதன் இரு இயல்புகளை விளக்கும் குறுக்குவழி மீண்டும் பயன்படாமல் போயிற்று. பழைய முறை தாய்மொழி இலக்கணத்தைக் கருதவில்லை. புதிய முறை இலக்கண விளக்கத்தையே சுருக்கிக்கொண்டது.

திராவிட மொழிகளின் ஒப்பாய்வுக்கென 1997-இல் சித்தூர் மாவட்டத்தின் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது, எல்லிஸும் கேம்பெல்லும் 1816-இல் தொடங்கிய சிந்தனைக்கு இப்பகுதியிலேயே கிடைத்த நிறுவன வடிவம். 2019 நவம்பரில் ஆந்திர அரசு தொடக்கப் பள்ளிகளை ஆங்கிலவழிக்கு மாற்ற ஆணையிட்டதும், 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை நீக்கியதும், பயிற்றுமொழியைப் பற்றிய வாதத்தை மீண்டும் எழுப்பின. அவ்வாதத்தில் தாய்மொழியும் ஆங்கிலமும் ஒன்றையொன்று விலக்கும் இரு பாதைகளாகவே பெரும்பாலும் பேசப்படுகின்றன. ஜெரண்டும் பெயரும் அடுக்கில் சேருமிடத்தின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. லௌத்தும் மரேயும் 'தி', 'ஆஃப்' என்ற இரு சிறுசொற்களின் உதவியால் பிரிக்க முயன்றதைத் தமிழ் தல், பு என்ற இரு விகுதிகளாலும், தெலுங்கு தன் இணைச்சொற்களாலும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கின்றன. பெய்னும் ஸ்ட்ரங்கும் வடிவ ஒற்றுமையாகச் சொன்னதைக் கிளவியாக்கம் முடிக்குஞ்சொல்லின் பொருத்தமாக இன்னும் ஆழமாகச் சொல்லியிருக்கிறது. புத்தூர்ப் பகுதியின் வகுப்பறையில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர், கரும்பலகையின் ஒரு பக்கத்தில் 'படித்தல், சதவடம்' என்றும் மறுபக்கத்தில் 'படிப்பு, சதுவு' என்றும் எழுதி, ஆங்கில வாக்கியத்தின் ஒவ்வோர் உறுப்பும் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று மாணவரையே கேட்கச் செய்தால், இரு நூற்றாண்டுகளாக ஒப்பித்தலாலும் பழக்கத்தாலும் கற்பிக்க முயன்ற ஒன்றை மாணவர் தம் மொழியறிவாலேயே கண்டடைவர். அவ்வறிவை வகுப்பறைக்குள் அழைத்துக்கொள்ளப் புதிய பாடநூல் வெளிவரும் வரை காத்திருக்கவேண்டியதில்லை.